பதினொன்றாம் நம்பர் டப்பா

வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒற்றைமட்டம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் செபஸ்தியானின் தேயிலைக் கடையில், பதினொன்றாம் நம்பர் டப்பாவிலிருந்து போட்ட டீயை மூன்றாவது மடக்கு விழுங்கிய தபால்காரர், "யாரு வீட்டுலயோ நெத்திலிக் கருவாடு" என்று சொல்லி, நாக்கை ஒருமுறை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு, "கத்திரிக்காயும் கிடக்கு" என்று சேர்த்துச் சொன்னதிலிருந்து அது தொடங்கியது.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பனி வீட்டுக்குள் வந்து கட்டிலில் படுத்துவிட்டுப் போகிற ஊர் அது. பள்ளிக்கூட மைதானத்தில் காட்டெருமை அசைபோட்டுக்கொண்டிருந்தால் அது எழுந்து போகும்வரை பிரேயரைத் தள்ளிவைக்கிற ஊர். அதனால் கடையில் நின்றவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "யாரு வீட்டுக் கருவாடு?" மத்தியானத்துக்குள் அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். முருகனுக்கு மாலை போட்டிருந்த லைன்மேன் வீட்டில். மாலை போட்டவர் அவர் மட்டும்தான், பிள்ளைகள் போடவில்லை என்று அவர் மனைவி வாசலில் நின்று சொன்னாள். ஊர் கேட்டுக்கொண்டது. நம்பியதாகச் சொல்ல முடியாது.

செபஸ்தியான் முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுலா வருகிறவர்களுக்காகப் பதினான்கு டப்பாக்களில் பதினான்கு விதமாக வாசனை கலந்த இலைத் தேயிலை வைத்திருந்தார். ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்கும். அந்த அட்டைகளை எழுதுகிறவள் சுகிர்தா. தாவரவியல் படித்தவள், இருபத்து நான்கு வயது, யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே காது சிவந்துவிடும். வாயில் டீ இருக்கும்போது பேச வேண்டியதில்லை என்பதுதான் அந்த வேலையில் அவளுக்குப் பிடித்திருந்தது.

ரோஜா இதழ் கலந்த இரண்டாம் நம்பருக்கு அவள் எழுதியது: "கல்யாண வீட்டு வாசலில் தெளித்த பன்னீர், எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு." ஆரஞ்சுத் தோலும் பட்டையும் சேர்ந்த நான்காம் நம்பருக்கு: "பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் ஒருவர் ஆரஞ்சு உரிக்கிறார். உங்களுக்கு ஒரு சுளை தருவார் என்று தோன்றும். தர மாட்டார்." சாக்லேட் வாசனை போட்ட ஏழாம் நம்பருக்கு: "சாக்லேட் சுற்றி வந்த தாள்." செபஸ்தியான் இதைப் படித்துவிட்டு, "ஏம்மா, விக்கணுமா வேணாமா?" என்றார். ஆனால் அட்டையை மாற்றவில்லை, ஏனென்றால் ஏழாம் நம்பர் அப்படித்தான் இருந்தது. பதினொன்றாம் நம்பரில் இருந்தவை எலுமிச்சைப்புல், காய்ந்த புதினா, துளி தேன் வாசனை. அதற்கு அவள் எழுதியிருந்தாள்: "ஒளிவுமறைவு இல்லாத டீ."

அவள் அப்படி எழுதியதற்குக் காரணம், அவள் அதை விழுங்கியதே இல்லை. ருசி பார்க்கிறவர்கள் ஸ்பூனில் எடுத்து, சர்ரென்று பக்கத்துக் கடைவரை கேட்கும்படி உறிஞ்சி, நாக்கு முழுக்கச் சுழற்றி, காலடியில் இருக்கும் வாளியில் துப்பிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே செபஸ்தியான் சொன்னார். "முழுங்கக் கூடாது பாப்பா. முழுங்குனா வயிறு பேச ஆரம்பிச்சிரும், நாக்கு வாயை மூடிக்கும்." அவரும் முப்பது வருஷமாக விழுங்கியதில்லை. ஆகவே ஊரில் எல்லாருடைய வாயிலும் அடுத்த வீட்டுச் சமையல் வந்து போய்க்கொண்டிருந்தபோது, அந்த டீயைக் கலந்தவருக்கும் அதற்கு அட்டை எழுதியவளுக்கும் மட்டும் எலுமிச்சைப்புல்லும் புதினாவும் தேனும்தான் தெரிந்தன.

விஷயம் இதுதான்: மூன்றாவது மடக்கு தொண்டையில் இறங்கியதும் டீயின் ருசி விலகிப்போகும், அந்த நேரத்தில் ஊருக்குள் வேறு யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ருசி வாய்க்குள் வரும், ஒரு நிமிஷம் இருக்கும், போய்விடும். யாருடையது என்று டீ சொல்லாது. செபஸ்தியான் புல்லை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், டப்பாவையே வெயிலில் கவிழ்த்து வைத்தார். ருசி வந்துகொண்டுதான் இருந்தது. கடைசியில், வாடிக்கையாளர்கள் அபிப்பிராயம் எழுதுவதற்காக மேஜையில் கிடந்த நோட்டை எடுத்து, பதினொன்றாம் நம்பருக்கென்று தனியாகக் கோடு போட்டுக் கொடுத்தார். தேதி, நேரம், வந்த ருசி. நோட்டைப் பார்த்துக்கொள்கிற வேலையும் சுகிர்தாவுக்கு வந்தது.

முதல் இரண்டு வாரம் திருவிழா மாதிரி இருந்தது. பால் சொசைட்டிக்காரர் தனக்கு யார் வீட்டு மீன்குழம்போ வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பல் இல்லாத கிழவர் ஒருவர் முறுக்கு வந்தது என்று எழுதிவிட்டு ஒரு பொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒவ்வொருவராக நோட்டைப் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தார்கள்.

சர்க்கரை வியாதி என்று எல்லார் வீட்டிலும் காப்பியை மறுத்தவர் தினமும் நாலு மணிக்கு ஜிலேபி தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. 'ஒண்ணும் சமைக்கல, பழைய சோறுதான்' என்று சொன்ன நாளில் ஒரு வீட்டில் நாட்டுக்கோழி கொதித்திருந்தது தெரிந்தது. சுகிர்தாவின் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மகளுக்குக் காது குத்தி பிரியாணி போட்டபோது, அதே நேரத்தில் கடையில் டீ குடித்த மூன்று பேருக்கு மூன்று விதமாக வந்தது: ஒருவருக்கு உப்புக் கரிப்பு, ஒருவருக்குக் காரம், ஒருவருக்குச் சப்பென்று. சொந்தக்காரர்களுக்கு ஒரு அண்டா, ஊர்க்காரர்களுக்கு ஒரு அண்டா என்று ஸ்டெல்லா பிரித்துப் போட்டுவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. "ஒரே அண்டாடி! என் மக தலையில அடிச்சு சத்தியம்!" என்று அவள் தெருவில் நின்று கத்தினாள். மகள் தலையைத் தடவிக்கொண்டே உள்ளே ஓடினாள். ஸ்டெல்லா அன்றிலிருந்து ஊரில் யாரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்தாள். ஊரும் அவளைப் பற்றி அதையே முடிவு செய்திருந்தது.

ஜன்னல்களை மூடிக்கொண்டு சமைத்தார்கள். பிறகு, ஜன்னலால் பயனில்லை என்று புரிந்து, நேரம் மாற்றிச் சாப்பிட்டார்கள். மிக்ஸி விடிகாலையில் ஓடியது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் தட்டைப் பார்க்காமல் எதிரே இருப்பவர் தாடையைப் பார்த்தார்கள். ஊர் நலச் சங்கச் செயலாளர் தவசீலன், முன்பு வனத்துறையில் கார்டாக இருந்தவர், செருப்புத் தடத்தைப் பார்த்து ஆளைச் சொல்லக்கூடியவர், தினமும் மாலையில் கடைக்கு வந்து நோட்டைப் படித்து, தன் சட்டைப்பையில் இருந்த சின்ன டைரியில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

அவர்தான் கசப்பை முதலில் கவனித்தவர்.

ஆனி மாதத்தின் நடுவிலிருந்து நோட்டில் அது இருந்தது. "கசப்பு. என்ன சாப்பாடு என்று தெரியவில்லை." இரண்டு நாள் கழித்து வேறு கையெழுத்தில்: "கசப்பு. பாகற்காய் இல்லை." அப்புறம், "துருப்பிடித்த ஆணியை வாயில் வைத்த மாதிரி." அப்புறம், "இது உணவே இல்லை." பதினேழு பேர் எழுதியிருந்தார்கள், வாரத்தில் எல்லா நாளும், பெரும்பாலும் மத்தியானம் ஒரு மணியை ஒட்டி. பதினேழு பேரும் ஒரே கசப்பைத்தான் சொன்னார்கள்.

"பாகக்கா இல்ல, வேப்பம்பூ இல்ல, கசாயம் இல்ல," என்றார் தவசீலன், ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கி. "அப்ப என்ன? யாரோ யாருக்கோ சோத்துல எதையோ போட்டுக் குடுத்துட்டிருக்காங்க. கொஞ்சம் கொஞ்சமா. மெதுவா."

அந்த வார்த்தை ஊருக்குள் பனியை விட வேகமாக இறங்கியது. மாமியார்கள் சாப்பிட உட்கார்ந்ததும் மருமகள் தட்டோடு தங்கள் தட்டை மாற்றிக்கொண்டார்கள். மருமகள்கள் மறுபடியும் மாற்றினார்கள். புருஷன்மார், "நீ ஒரு வாய் முதல்ல சாப்பிடும்மா" என்று இதுவரை இல்லாத பிரியத்தோடு சொன்னார்கள். யாராவது இரண்டு நாள் கண்ணில் படவில்லையென்றால், நலம் விசாரிக்கிற சாக்கில் நாலு பேர் போய் அடுப்படியை எட்டிப் பார்த்தார்கள்.

சந்தேகம் சுற்றிச் சுற்றி வந்து சுகிர்தாவின் மேலும் உட்கார்ந்தது. "நோட்டை வச்சிருக்கவ ஒரு வரி எழுதலையே, ஏன்?" என்று ஸ்டெல்லா கடை வாசலில் நின்று கேட்டாள். "எல்லாத்துக்கும் வருது, அவளுக்கு மட்டும் வராதாம். முழுங்க மாட்டாளாம். ஏன்டி சுகிர்தா, முழுங்குனா என்ன தெரிஞ்சிரும்னு பயம்?"

சுகிர்தா குனிந்து நோட்டில் அடுத்த பக்கத்துக்குக் கோடு போட்டாள். பயம் அவளுக்கு இருந்தது. பார்க்கிறவள் அவள், பஸ்ஸில் ஆரஞ்சு உரிப்பவரின் மனசுகூட அவளுக்குத் தெரியும். மனிதர்கள் மறைத்து வைத்திருப்பதை அவர்களுக்கே தெரியாமல் வாயில் வாங்கிக்கொள்வது, குளியலறைக் கதவைத் தள்ளித் திறப்பது போல அவளுக்குத் தோன்றியது.

அவள் அம்மா புஷ்பராணி பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குத் தினம் சாம்பார் சாதம், தக்காளி சாதம், கொண்டைக்கடலை. ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அம்மா எதற்கும் "எனக்கென்ன" என்று சொல்கிறவள். தலைவலியா, எனக்கென்ன. புதுப் புடவை வேண்டாமா, எனக்கென்ன. ஆனால் இந்த இரண்டு மாதமாக, சாயங்காலம் சுகிர்தா செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு நோட்டுல என்ன எழுதுனாங்க?" என்று கேட்டுவிடுவாள். ஊரே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி என்பதால் சுகிர்தா அதில் எதையும் கவனிக்கவில்லை.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை தவசீலன் ஒரு ஏற்பாடு செய்தார். அறுபத்தொரு வீடும் அன்றைய சமையலைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு சமுதாயக் கூடத்துக்கு வர வேண்டும். சரியாக ஒரு மணிக்கு ஆரம்பம். ஒரு நேரத்தில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் சாப்பிட வேண்டும். மற்ற வாய் எல்லாம் மூடியிருக்க வேண்டும். அப்போது ஒரு ஆள் பதினொன்றாம் நம்பர் டீயை விழுங்கிப் பார்த்து, வந்ததைச் சொல்ல வேண்டும். யார் அந்த ஆள் என்பதில்தான் தகராறு. தபால்காரரைச் சொன்னால் லைன்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டெல்லாவைச் சொன்னால் யாருமே ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், இதுவரை யார் வீட்டு ருசியையும் வாயில் வாங்காத ஒரே நாக்கு என்பதால் சுகிர்தாவுக்கு வந்தது. மறுக்கலாம் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் எழுதிவிட்டார்கள்.

"நான் வரல. முட்டி வலிக்குது," என்றாள் அம்மா, தூக்குச் சட்டியை மூடிக்கொண்டே. "வீட்டுல பட்டினியாத்தான் இருக்கேன்னு சொல்லிரு. நம்ம முறை வந்தா ஸ்டெல்லாவை ரெண்டு வாய் சாப்பிடச் சொல்லு. நீதான் டீ குடிக்கணும்ல."

"அவங்க சாப்பிடுவாங்களாம்மா, நம்ம சோத்தை?"

"பரங்கிக்காய் சாம்பார்னா சாப்பிடுவா," என்றாள் அம்மா. "ஒரு மணிக்குத்தானே?"

"ஒரு மணிக்குத்தான்."

சுகிர்தா பத்து மணிக்கு அதே சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். நன்றாக இருந்தது. எப்போதும் போல.

கூடத்தில் அறுபத்தொரு வீடும் வரிசையாகச் சம்மணம் போட்டிருந்தது. ஆளுக்கு முன்னால் ஒரு தூக்குச் சட்டி. வாயை மூடச் சொன்னதால் குழந்தைகள் கன்னத்தை உப்பி வைத்துக்கொண்டிருந்தன. வெற்றிலை போட்டிருந்த இரண்டு பேரை வெளியே அனுப்பிக் கொப்பளித்துவிட்டு வரச் சொன்னார்கள். தவசீலன் பெயர் கூப்பிட்டார். அம்மாவின் பெயர் வந்தபோது சுகிர்தா, "முட்டி வலி, பட்டினியா இருக்காங்க" என்றாள், காது சிவக்க. அவர் டைரியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

மணி பன்னிரண்டே முக்கால். செபஸ்தியான் வெள்ளைக் கோப்பைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டே, "முதல்ல வெறுங்கோப்பை ஒண்ணு பாத்துரலாம்" என்றார்.

"அது என்ன வெறுங்கோப்பை?" என்றார் தவசீலன்.

"எந்த ஃபேக்டரியிலயும் அதான் வழக்கம். புதுச் சரக்கை ருசி பாக்குறதுக்கு முன்னாடி, தெரிஞ்ச டீ ஒண்ணைக் குடிச்சு நாக்கைச் சரி பண்ணிக்கணும். எல்லா வாயும் மூடியிருக்குல்ல? அப்ப இவளுக்குப் புல்லும் புதினாவும் மட்டும்தான் வரணும். வந்தா, நாம தயார்."

அதில் நியாயம் இருந்ததால் தவசீலன் தலையசைத்தார்.

சுகிர்தா கோப்பையை எடுத்தாள். உறிஞ்சியபோது பழக்கத்தில் கண் வாளியைத் தேடியது. வாளி இல்லை. முதல் மடக்கு இறங்கியது. இரண்டு வருஷமாகத் தன் வாசலோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்த டீயை அவள் தொண்டை முதல் முறையாக உள்ளே விட்டது. இரண்டாவது மடக்கு. மூன்றாவது மடக்கு இறங்கியதும் எலுமிச்சைப்புல் விலகியது, புதினா விலகியது, தேன் விலகியது, அந்த இடத்தில் கசப்பு வந்து நின்றது.

துருப்பிடித்த ஆணி என்று எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் எழுதியவர்கள் எல்லாரும் கசப்போடு நின்றுவிட்டார்கள், ருசி பார்க்கப் படித்தவள் அதற்குப் பின்னால் போனாள். கசப்புக்குள்ளே குழைந்த சோறு இருந்தது. பல்லில் கடுகு ஒன்று உடைந்தது. நாரில்லாமல் வெந்த பரங்கிக்காய்த் துண்டு ஒன்று, தோல் சீவாமல் சதுரமாக நறுக்கியது, நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் மசிந்தது. காலையில் பத்து மணிக்கு இதே துண்டு அவள் வாயில் இனித்திருந்தது. அப்போது அவளுக்கு இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் புரிந்தன: டீ கொண்டுவருவது பானையில் இருப்பதை அல்ல, சாப்பிடுகிறவரின் நாக்கில் இருப்பதை. ஊர் முழுக்க வாய் மூடியிருக்கும் இந்த நேரத்தில், ஒரு மணிக்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிட வேண்டுமென்று ஒரே ஒரு வாய் அவசர அவசரமாக மென்றுகொண்டிருக்கிறது. அது மெல்லுவது கசப்பை.

"என்ன வருது?" என்றார் தவசீலன்.

கூடம் முழுக்கத் தாடைகள் அவளைப் பார்த்தன. நூற்றுப் பத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கே கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாக்கு செத்துப்போன சமையல்காரியிடம் எந்தப் பள்ளிக்கூடம் கரண்டியைக் கொடுத்து வைக்கும்?

"வெறும் டீ," என்றாள் சுகிர்தா.

செபஸ்தியான் சரிபார்ப்பதற்காக ஒரு ஸ்பூன் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, ஜன்னல் வழியாகத் துப்பினார். "சரிதான்," என்றார். "வெறும் டீ."

ஆனால் அவள் கோப்பையை வைத்துவிட்டுக் கிளம்பினாள். செருப்பு மாட்டும்போது இடது காலை வலது செருப்பில் விட்டாள். "எங்க போற?" என்றார் தவசீலன். "வீட்டுக்கு," என்றாள், திரும்பாமல். வெறும் டீ குடித்த ஒருத்தி இப்படி ஓடுவாளா? அவர் டைரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். அவர் பின்னால் ஸ்டெல்லா, ஸ்டெல்லா பின்னால் அறுபது வீடு, தூக்குச் சட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள, தேயிலைச் சரிவின் நடுவே ஒற்றையடிப் பாதையில் யாரும் பேசாமல், யாரும் மெல்லாமல் இறங்கியது.

அம்மா அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் பாதிச் சோறு. மகளைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டாள்.

"எப்ப இருந்தும்மா?"

"எது?"

"வாய்."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

சுகிர்தா தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டாள். பரங்கிக்காய் இனித்தது. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இமைக்காமல், பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி. இருபத்து நான்கு வருஷமாக எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும், அந்தப் பார்வை எதற்காக என்று சுகிர்தா கேட்டதில்லை.

"தை மாசம்," என்றாள் அம்மா கடைசியில். "முதல்ல காப்பி கசந்துச்சு. அப்புறம் தண்ணி. இப்ப எல்லாமே."

வாசலில் நிழல் விழுந்தது. தவசீலன் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்று, தட்டைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த டைரியை எடுக்கவே இல்லை. அதற்குள் அம்மாவே பேசினாள்.

"நீங்க தேடுன கசப்பு நான்தான். யாரும் யாருக்கும் எதுவும் போடல. எழுதுறதா இருந்தா எழுதிக்குங்க. கே. புஷ்பராணி. இனிஷியல் விட்டுறாதீங்க, பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்கு."

"நாக்கே இல்லாமயா இத்தன மாசம் எம் பிள்ளைக்குச் சமைச்சீங்க?" என்றாள் ஸ்டெல்லா, தவசீலனின் தோளுக்குப் பின்னாலிருந்து. குரல் ஓங்கித்தான் வந்தது, பாதியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அவள் நிலைப்படியைத் தாண்டி வந்து தன் தூக்குச் சட்டியைத் திறந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். "கோழிக் குருமா. இதுல உப்பு எப்படி இருக்கு? சொல்லுங்க பாப்போம்."

அம்மா சட்டியைப் பார்க்கவில்லை. "நீ ஒரு வாய் சாப்பிடு," என்றாள்.

"நானா?"

"நீதான். சாப்பிடு."

ஸ்டெல்லா சந்தேகத்தோடு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். வாசலிலும் ஜன்னலிலும் அறுபது வீடு பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அவள் புருவத்தை, மூக்கின் ஓரத்தை, தொண்டையில் அது இறங்கிய விதத்தைப் பார்த்தாள்.

"ஒரு சிட்டிகை கம்மி," என்றாள் அம்மா. "அரைச்ச தேங்காய் ஜாஸ்தியாயிருச்சு. பிள்ளைங்க முதல் வரிசையில உட்காரும்ல, அதுங்க மூஞ்சியப் பாத்துத்தான் ரெண்டாவது வாளியைச் சரி பண்ணுவேன். பிள்ளைங்க மூஞ்சி பொய் சொல்லாது. உன் மூஞ்சியும் சொல்லல."

ஸ்டெல்லா இன்னொரு முறை மென்று பார்த்தாள். "கம்மிதான்," என்றாள், யாரோ கட்டாயப்படுத்தி வாங்கிய வாக்குமூலம் போல. பிறகு வாசலைப் பார்த்து, "என்ன வேடிக்கை? பசிக்கலையா யாருக்கும்?" என்று கத்தினாள்.

யாரோ ஒரு தூக்குச் சட்டியைத் திறந்தார்கள். அப்புறம் இன்னொன்று. தவசீலன் டைரியை எடுத்து, யோசித்து, எதுவும் எழுதாமல், "நாளைக்கு ஜீப் இருக்கு, பெரியாஸ்பத்திரிக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"எதுக்கு ஜீப்பு? பள்ளிக்கூடம் இருக்கு. எனக்கென்ன," என்றாள் அம்மா.

சுகிர்தா அம்மாவின் எதிரே உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள். ஊரே தன்னைப் பார்க்கிறது என்பது அவளுக்கு அப்போது நினைவில் இல்லை. "நான் நம்பல," என்றாள். "நாக்கை நீட்டு."